மஞ்சள் வளையத்தில் கட்டிய நூல்

எனக்குக் காது கூர்மை. இதை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நோயைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறேன்.

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் கரண்டி ஒன்று விழுந்தால் அது தேக்கரண்டியா சோற்றுக் கரண்டியா என்று சொல்லிவிடுவேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் பண்ணிசை சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பே சேர்ந்து தேவாரம் பாடும்போது, பாடாமல் வாயை மட்டும் அசைப்பவன் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடுவேன். (பிடித்து என்ன பிரயோசனம்? அடுத்த கிழமையும் அவன் வாயைத்தான் அசைப்பான்.)

காதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூடவே பயமும் வந்து சேர்ந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி சத்தம் போட்டால் பயம். போடாமல் விட்டால் அதைவிடப் பயம். மாடியில் மகள் ஆரணி ஒருமுறை இருமினால் குசினியில் கொத்தமல்லி கொதிக்கத் தொடங்கிவிடும். அவள் மருந்தாளராகப் படித்துப் பட்டம் பெற்று, ஊருக்கே இருமல் மருந்து கொடுக்கிற பிள்ளை. அதைப் பற்றிக் கொத்தமல்லிக்கு என்ன கவலை?

எங்கள் கார் சின்னது, வயதும் போனது. முதலில் அதை நான் ஓடினேன். ஆரணிக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்த பிறகு அவள் ஓடினாள். ஆனால் அதைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் என்னிடமே இருந்தது. அந்தப் பொறுப்பை நான் எப்படிச் செய்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. வருடம் தவறாமல் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தேன். நான்கு சில்லுக்கும் நான்கு தேசிக்காய் வைத்து நசித்தேன். தேங்காய் உடைத்தேன். ஐயர் என்ஜின் மூடியான பொனெற்றில் சந்தனத்தால் ஓம் எழுதினார். சர்வீஸ்தான் சில வருடங்களில் கொஞ்சம் பிந்தும். சில வருடங்களில் வரவே வராது.

பூசையில் தந்த நூலை உள்ளே கண்ணாடியில் கட்டப் போனேன். ஆரணி விடவில்லை.

"அம்மா, ப்ளீஸ். ஃபிரண்ட்ஸ் ஏறுற கார்."

சரி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டுவோம் என்று பொனெற்றைத் திறந்தேன். (கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றுவதற்காக என் கணவர் பழக்கிவைத்த வித்தை. மோட்டார் வாகனம் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.) உள்ளே எல்லாம் கறுப்பும் அழுக்குமாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று மஞ்சளாக நின்றது. விரல் நுழைகிற அளவில் ஒரு வளையம். நூல் கட்டுவதற்கென்றே யாரோ வைத்ததுபோல இருந்தது. கட்டினேன். அடுத்த வருடம் அதன்மேல் கட்டினேன். அதற்கடுத்த வருடமும் கட்டினேன். அந்த வளையம் எதற்காக அங்கே நிற்கிறது என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

மாசிப் பனியில் ஆரணி ஒருநாள் சொன்னாள்: "அம்மா, வளைவில திரும்பேக்க டாஷ்போர்டில ஒரு விளக்குப் படம் பத்திப் பத்தி அணையுது."

"என்ன விளக்கு?"

"சாமியறை விளக்கு மாதிரி. மூக்கில ஒரு சொட்டு."

"விளக்குத்தானே?" என்றேன். விளக்கு எரிவதில் கெட்டது என்ன இருக்க முடியும்?

அந்தச் சனிக்கிழமை ஆரணிக்கு வேலை இல்லை. பாடசாலை முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அதைக் கேட்டேன். டக்... டக்... டக்.

"கேக்குதா?"

"என்ன?"

"உந்தச் சத்தம். என்ஜினுக்குள்ள ஆரோ கதவு தட்டுற மாதிரி."

"உங்களுக்கு எல்லாந்தான் கேக்கும் அம்மா."

"வடிவாக் கேள் பிள்ளை!"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு பொனெற்றைப் பார்த்து, "ஆர் அது? உள்ள வாங்கோ," என்றாள். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் என் கணவர் தேநீரோடு வாசலுக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று கேட்டார். அவர் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் பகுதியில் வேலை செய்பவர். அத்தனை விமானங்களுக்கு நடுவில் இருந்து வந்தவருக்கு எந்தச் சத்தமும் ஒரு சத்தமில்லை.

"திங்கக்கிழமை கராஜுக்குக் கொண்டுபோவம். அதுமட்டும் ஒருத்தரும் ஓட வேண்டாம்," என்றார்.

இதைவிடச் சரியான வார்த்தையை அன்று வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. திங்கள்வரை அந்தச் சத்தத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு என்னால் எப்படி இருக்க ஏலும்?

எங்கள் பாடசாலைப் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வீட்டுப்பாடம் பற்றிப் பேசுவதற்காகத் தொடங்கியது. வீட்டுப்பாடத்தைத் தவிர எல்லாம் அதில் பேசியாகிவிட்டது. குழாய் ஒழுகினால், பாஸ்போர்ட் தொலைந்தால், தோசை மா பொங்காவிட்டால், கடிகாரமுள் நகர்வதற்குள் பதில் வரும். எழுதினேன்: "எங்கள் கார் என்ஜினில் ஆதி தாளம் போல ஒரு சத்தம். மிதித்தால் துரித காலம் ஆகிறது. யாருக்கும் விளங்குதா?"

முன்பு வாடகைக் கார் ஓடிய பரமேஸ் அண்ணை உடனே பதில் போட்டார்: "ரீச்சர், எழுதினா விளங்காது. காருக்குள்ள போனை வைச்சு ஒருக்கா ரெக்கோட் பண்ணிப் போடுங்கோ. வெளியால ஒரு தடியை என்ஜினில வைச்சு மற்றப் பக்கத்தில காதைக் குடுத்தா எங்கயெண்டு பிடிக்கலாம். டொக்டர்மார் மாதிரி."

வீட்டில் தடிக்கு எங்கே போவது? குசினியில் அகப்பை இருந்தது.

ஆரணியை ஓட்டுநர் இருக்கையில் இருத்தினேன். "என்ஜினைப் போட்டிட்டு மெதுவா மிதிச்சுக்கொண்டு இரு," என்றேன். என் தொலைபேசியில் பதிவை அழுத்தி, கப் வைக்கும் பள்ளத்தில் செருகிவிட்டு இறங்கிப் போனேன். எதற்கு வைக்கிறேன் என்று அவளிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் நெடுநாள் வாதாடினேன். சொல்லவில்லை. அகப்பை அவசரத்தில் மறந்துவிட்டேன்.

பொனெற்றைத் திறந்து, அகப்பையின் சிரட்டைப் பக்கத்தை என்ஜினில் ஊன்றி, காம்பில் காதை வைத்துக் குனிந்து நின்றேன். தெருவில் நாயோடு போன முன்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, நாயை மற்றப் பக்கத்து நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அகப்பைக் காம்பு வழியாக அந்தத் தட்டல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. இடப்பக்கமா வலப்பக்கமா, மேலா கீழா என்று காதை மாற்றி மாற்றி வைத்தேன். மஞ்சள் வளையம் மூக்குக்கு நேரே இருந்தது. அதில் நூல் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கூட வைத்தேன்.

திரும்பிவந்து தொலைபேசியை எடுத்தேன். பதிவின் தொடக்கத்தைக் கொஞ்சம் போட்டுக் கேட்டேன். டக், டக், டக். அருமையான பதிவு. குரூப்பில் போட்டேன்.

பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் பெற்றோல் பிழை என்றார். இன்னொருவர் என்ஜினைத் தாங்கும் றப்பர் தேய்ந்துவிட்டது என்றார். "எங்கட காரும் இப்பிடித்தான் தட்டினது. வித்துப்போட்டம்," என்றார் ஓர் அம்மா. அதற்குள் யாரோ, "வாழ்த்துக்கள் அக்கா!" என்று போட்டார்கள். என்ஜின் தட்டினால் யாராவது வாழ்த்துவார்களா? வேறு குரூப்புக்கு அனுப்ப வேண்டியது என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது, "நியூகாசில் நல்ல இடம். ஆனா சரியான குளிர்."

அங்கே நல்ல கராஜ் ஒன்று இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். (ஹரோவிலிருந்து நியூகாசிலுக்கு, தட்டுகிற காரில். இதையும் ஒரு மனுஷி நினைத்தாள்.) "அவ்வளவு தூரம் இந்தக் காரில் போக ஏலாது" என்று நன்றியோடு பதிலும் போட்டேன். அதற்குச் சிரித்து அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன.

பிறகு பரமேஸ் அண்ணையின் மனைவி எழுதினார்: "பிள்ளை சொன்னதில பிழை இல்லை. ஜெயம் அண்ணையின்ர கடையில ஹீற்றர் போடுறேல்லைத்தானே."

ஜெயம் அண்ணை என்பவர் ஆரணி வேலை செய்யும் மருந்துக்கடையின் முதலாளி. அவருடைய மகன் என் பண்ணிசை வகுப்பில் படிக்கிறான் (வாயை மட்டும் அசைப்பவன்). ஆகவே ஜெயம் அண்ணையும் அந்தக் குரூப்பில் இருக்கிறார்.

குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பதிவை முதலிலிருந்து முழுதாகக் கேட்டேன். தட்டலுக்கு மேலே, தெளிவாக, என் மகளின் குரல். அவளுடைய சிநேகிதி மிதுலா அழைத்திருக்கிறாள். முக்கால்வாசி ஆங்கிலத்தில் பேசினாள். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"கிடைச்சிட்டுது மிது! நியூகாசில் ஹொஸ்பிற்றல்தான்... இல்லை, அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. நான் சிவப்பு விளக்கில நிண்டாலே மேப்பில பாத்திட்டு ‘ஏன் நிக்கிறாய்’ எண்டு கோல் எடுக்கிற ஆள் அவ. ஜெயம் அங்கிளிட்டயும் றெபெரன்ஸ் கடிதம் கேக்கோணும். அவர் குடுத்தாத்தான் அவை வேலையை உறுதிப்படுத்துவினம். நல்ல மனுஷன், ஆனா அந்தக் கடைக் குளிர் இருக்கே, தெர்மோமீற்றருக்கே காய்ச்சல் வந்தா நல்லம் போல இருக்கும். அவர் மட்டும் பெரிய ஜக்கற்றுக்குள்ள இருப்பார்." சிரிப்பு. கொஞ்ச நேரம் தட்டல் மட்டும். பிறகு குரல் தணிந்து, "போகத்தான் வேணும் மிது. இஞ்சயே இருந்தா நானும் அம்மா மாதிரி வந்திடுவன். எல்லாத்துக்குள்ளயும் ஒரு டக் டக் கேக்கிற ஆள்."

நான் அகப்பையில் காதை வைத்துக்கொண்டு நின்ற நேரம் அது. எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடிதான் இருந்தது.

உடனே அழிக்க வேண்டும். பதிவை அமுக்கிப் பிடித்தேன். இரண்டு தெரிவுகள் வந்தன, ஒன்றை அழுத்தினேன். மறைந்தது. மூச்சுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, எனக்கு மட்டும் மறைந்திருக்கிறது. ஹரோ, ஹவுன்ஸ்லோ, லூயிஷாம்வரை அத்தனை வீட்டிலும் அது பத்திரமாக இருந்தது. அதைக் கேட்க முடியாத ஒரே ஆள் நான்தான்.

ஆரணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மிதுலாவின் அம்மாவும் குரூப்பில் இருக்கிறார். செய்தி சுற்றிவர அதிக நேரம் எடுக்கவில்லை.

"அம்மா, குரூப்பில என்ன போட்டனீங்கள்?"

"என்ஜின் சத்தம்."

"என்ஜின்ர சத்தமோ, என்ர சத்தமோ?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. மன்னிச்சுக்கொள். அது வாயில் இருந்தது. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து விழுந்தது.

"எனக்கு ஏன் முதல் சொல்லேல்லை?"

"சொல்ல இருந்தனான். நாளைக்கு, மத்தியானம் நீங்கள் சாப்பிட்டாப் பிறகு. அப்பாவும் நானும் பிளான் பண்ணி வைச்சிருந்தம்."

நான் அவளுக்குப் பின்னால் வந்து நின்ற கணவரைப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"உங்களுக்கும் தெரியுமோ?"

"சாப்பிட முதல் சொன்னா நீர் சாப்பிடமாட்டீர் எண்டுதான்..." என்றார் பாவம்.

ஆரணி கார்ச் சாவியை எடுத்தாள். "நான் ஜெயம் அங்கிளிட்ட நேர போய்ச் சொல்லப் போறன். கடையில நிண்டா அவர் போன் பாக்கமாட்டார். ஆரும் சொல்ல முதல் என்ர வாயால சொல்லோணும். மன்னிப்பும் கேக்கோணும். றெபெரன்ஸ் தந்தா தரட்டும், தராட்டி விடட்டும்."

"கார் தட்டுதெல்லே? அப்பாவின்ர காரைக் கொண்டு போ..."

"அப்பாவின்ர காருக்கு எனக்கு இன்சூரன்ஸ் இல்லை. பஸ்ஸில போக நேரமில்லை. அம்மா, காணும்! அந்தக் காரைப் பற்றி இன்னொரு சொல்லுச் சொல்லாதேங்கோ!"

சொல்லவில்லை. என் வாழ்நாளில் முதல் முறையாக, சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் கணவர் வாசல்வரை ஓடி, "பிள்ளை, மெதுவாப் போ," என்றார். டக் டக் என்று தெருமுனைவரை கேட்டது. மற்றவர்களுக்கு எவ்வளவு தூரம் கேட்டதோ தெரியாது. எனக்கு அதற்குப் பிறகும் கேட்டது.

மேப்பைத் திறந்தேன். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் திறந்தேன். ஆரணி ஒரு சின்ன நீலப் புள்ளியாக நோர்தோல்ட்டைத் தாண்டி, ஹவுன்ஸ்லோப் பக்கம் போகும் பெரிய வீதியில் இறங்கினாள். லொறிகள் விரைகிற இரட்டை வீதி அது. புள்ளி ஒழுங்காக நகர்ந்தது. பிறகு நின்றது.

விரல் அழைப்புப் பொத்தானுக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. சிவப்பு விளக்கில நிண்டாலே கோல் எடுக்கிற ஆள். அது அவள் குரலிலேயே காதில் கேட்டது. இல்லை, எடுக்கமாட்டேன் என்று தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. பார், மாற முடியாது என்று நினைத்தாளே, அம்மா மாறிவிட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (இதை எழுதும்போதும் அந்தக் கதிரையில் இருக்கப் பிடிக்காமல் எழும்பிவிட்டேன்.)

சும்மா இருக்க முடியாமல், குரூப்பில் ஒரு மன்னிப்பாவது எழுதுவோம் என்று தொலைபேசியைத் திருப்பினேன். நியூகாசில் குளிர், அங்கே தோசை மா எந்தக் கடையில், யாருடைய மருமகள் அங்கே இருக்கிறாள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. என்ஜினை எல்லோரும் எப்போதோ மறந்துவிட்டார்கள். மேலே தள்ளிக்கொண்டு போனேன். அந்த வாழ்த்துகளுக்கும் சிரிப்பு முகங்களுக்கும் நடுவில், நான் பார்க்காமல் தாண்டிப்போன ஒரு செய்தி கிடந்தது. ஆரணி வீட்டைவிட்டுப் போவதற்கு முன்பே வந்தது. ஜெயம் அண்ணை அனுப்பியது.

"ரீச்சர், காரை ஒருத்தரும் ஓட வேண்டாம். ஒயில் பாத்தியளா? பொனெற்றுக்குள்ள ஒரு மஞ்சள் வளையம் நிக்கும். அதைப் பிடிச்சு மேல இழுத்துப் பாருங்கோ."

கடையில் நின்றால் போன் பார்க்காத மனுஷன் அன்று பார்த்திருக்கிறார். முழுதையும் கேட்டிருக்கிறார். தன் ஹீற்றரையும், ஜக்கற்றையும், தெர்மோமீற்றரையும் கேட்டுவிட்டு, என்ஜினைப் பற்றி மட்டும் பதில் எழுதியிருக்கிறார். அத்தனை பேரில் நான் கேட்ட கேள்விக்கு அக்கறையாகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மஞ்சள் வளையம் என்ற இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன்.

மேப்பைப் பார்த்தேன். புள்ளி அதே இடத்தில் நின்றது. அழைத்தேன். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்றது. திரும்ப அழைத்தேன். அதே பதில். என் கணவர் ஒன்றும் கேட்காமல் தன் கார்ச் சாவியை எடுத்தார். செருப்பை மாற்றக்கூட நான் நிற்கவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி நகைச்சுவையாக எழுத இன்னும் எனக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

வீதியோரத்தில் எச்சரிக்கை விளக்குகள் மின்ன எங்கள் கார் நின்றது. தடுப்புக்கு அப்பால், ஈரப் புல்லில் ஆரணி நின்றாள். அவள்மேல் ஒரு பெரிய ஜக்கற். பக்கத்தில் ஜெயம் அண்ணை வெறும் சேர்ட்டோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றார். நடுவழியில் என்ஜின் பெரிதாக ஒருமுறை அடித்துவிட்டு இறுகிப்போயிருக்கிறது. பின்னால் வந்த லொறி கிறீச்சிட்டு நின்றிருக்கிறது. மிச்ச ஓட்டத்திலேயே அவள் எப்படியோ காரை ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முதலில் அழைத்தது கடை இலக்கத்தில் ஜெயம் அண்ணையை. கடையை மற்றவரிடம் விட்டுவிட்டு, எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார்.

நான் ஆரணியின் முகத்தைத் தொட்டேன். அவள் விலகவில்லை, சாயவும் இல்லை.

"இப்ப குளிர் எப்பிடிப் பிள்ளை?" என்றார் ஜெயம் அண்ணை.

"அங்கிள், சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ..."

"என்னட்ட இல்லை. அந்தத் தெர்மோமீற்றரிட்டக் கேள்."

அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அழுதாள். நான் முழுதாக அழுதேன்.

கார் இழுக்கும் வண்டிக்காரர் வந்தார். இளம் வெள்ளைக்காரர், நல்ல மரியாதை. பொனெற்றைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மஞ்சள் வளையத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வருடக்கணக்கான நூல். ஒன்றின்மேல் ஒன்று சுற்றி, எண்ணெயும் தூசும் பிடித்து, ஒரு சின்னக் கூடு போல இருந்தது. வளையம் இப்போது மஞ்சளாகவே இல்லை.

என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "பாதுகாப்புக்கு."

வண்டிக்காரர் தலையாட்டிக்கொண்டு கத்தியை எடுத்து நூலை வெட்டினார். வளையத்தில் விரலைக் கோத்து இழுத்தார். ஒயில் அளக்கிற நீளமான மெல்லிய கம்பி ஒன்று வந்துகொண்டே இருந்தது. அத்தனை வருடமும் அதன் தலையில் நூல் கட்டியிருக்கிறேன், அதற்கு இவ்வளவு நீள உடம்பு இருப்பது தெரியாமல். துடைக்கவே தேவையில்லாதபடி நுனி காய்ந்து கிடந்தது. ஒயில் ஒரு சொட்டும் இல்லை என்றார். மூக்கில் ஒரு சொட்டு வைத்த அந்த விளக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜெயம் அண்ணை எட்டிப் பார்த்தார். "ரீச்சர், நூல் நல்லாத்தான் கட்டியிருக்கிறியள். அவிழவே இல்லை."

பிறகு ஆரணியிடம், "றெபெரன்ஸ் நான் குடுக்கிறன். ‘கெட்டிக்காரப் பிள்ளை, ஆனா குளிர் தாங்காது’ எண்டு எழுதட்டோ? உலகத்திலயே குளிருக்குப் பயந்து நியூகாசிலுக்கு ஓடுற முதல் ஆள் நீயாத்தான் இருப்பாய்," என்றார். ஜக்கற்றைத் திருப்பி வாங்காமலே தன் வான் வண்டியில் ஏறினார்.

வீட்டுக்கு வரும்போது நானும் ஆரணியும் பின்னிருக்கையில் இருந்தோம். அவள் யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"கார் நிண்ட உடன நீங்கள் ஏன் கோல் எடுக்கேல்லை?"

"சிவப்பு விளக்கில நிக்கிறாய் எண்டு நினைச்சன்."

"அந்த வீதியில அந்த இடத்தில விளக்கே இல்லை அம்மா." கொஞ்சம் பொறுத்து, "லொறி வந்து நிண்டாப் பிறகு போனைக் கையில வைச்சுக்கொண்டு இருந்தனான். இப்ப எடுப்பீங்கள், இப்ப எடுப்பீங்கள் எண்டு."

அவள்மேலிருந்த ஜக்கற்றின் கழுத்தை இழுத்து மூடிவிட்டேன்.

கார் திரும்பிவரவில்லை. அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். ஆரணி வசந்தத்தில் ரயிலில் போனாள். நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டு, மீதியை வாங்கிக்கொண்டாள். ஜெயம் அண்ணையின் கடையில் இப்போது ஹீற்றர் உலை போல எரிகிறது. என்னைக் கண்டால் "வாங்கோ ரீச்சர், குளிர் காயலாம்," என்பார். அவருடைய மனைவி மட்டும் பாடசாலை வாசலில் என்னைக் காணும்போதெல்லாம் அறிவிப்புப் பலகையை வாசிக்கத் தொடங்கிவிடுவார். அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்களுடைய மகன் இன்னமும் வாயைத்தான் அசைக்கிறான். நான் கண்டுகொள்வதில்லை. குரூப்பில் யாராவது குரல் பதிவு போட்டால் போதும், "பின்னால ஆர் கதைக்கினம்?" என்று உடனே கேள்வி வரும். அது எனக்குத்தான்.

எங்கள் வீட்டில் "ஒயில் பாத்தியளா?" என்பது இப்போது ஒரு பழமொழி. குளிர்சாதனப் பெட்டி ஏன் உறுமுகிறது என்று நான் தலையைத் திருப்பினால், என் கணவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைச் சொல்வார். கலியாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்றேன். பரமேஸ் அண்ணை மூன்று பந்திக்கு அப்பாலிருந்து அதையே கேட்டார். நானும் சிரிக்கிறேன். எல்லோரையும்விடக் கொஞ்சம் பிந்தித்தான் என் சிரிப்பு வரும்.

ஆரணி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். போன கிழமையும் அழைத்தாள். வேலை, மழை, பக்கத்து அறைப் பெண்ணின் பூனை என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரலுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். நான் ஒன்றும் கேட்கவில்லை. தொடைக்கடியில் ஒரு கையை வைத்து அமுக்கிக்கொண்டு பூனையைப் பற்றிக் கேட்டேன்.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

"அம்மா, உங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையா?"

"கேக்குது."

"பேந்து ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தன்."

அந்தப் பக்கம் இன்னொரு டக்.

"அறையைச் சூடாக்கிற ரேடியேற்றர்," என்றாள். "இரண்டு நாளாத் தட்டுது. மற்றப் பிள்ளையளுக்குக் கேக்குதே இல்லையாம். எனக்கு வேற ஒண்டும் கேக்குதில்லை." பிறகு, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் கூப்பிடுவாளே, அந்தக் குரலில், "ஒயில் பாத்தியோ எண்டு கேளுங்கோவன் அம்மா."

கேட்டேன்.